72 மில்லிகிராம் கணக்கு

கேமரூனின் வடகோடியில் 240 பன்றிக்குட்டிகளை வைத்து நடந்த கள ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது. 120 குட்டிகளுக்கு டிசோல்18 என்ற புரதத்தில் செய்த தடுப்பூசி; மற்ற 120க்கு அது இல்லை. வளர்ந்தபின் அறுத்துப் பார்க்கக் கிடைத்தவை 212. ஊசி போடாத 102இல் 20 பன்றிகளின் உடலில் பன்றி நாடாப்புழுவின் உயிருள்ள நீர்க்கட்டிகள். ஊசி போட்ட 110இல் ஒன்றுகூட இல்லை.

ஒரு தவணைக்கு 200 மைக்ரோகிராம் புரதம், மூன்று தவணை. 120 குட்டிகளுக்குக் கூட்டிப் பார்த்தால் 72 மில்லிகிராம். பள்ளியில் குடற்புழுவுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றிலேயே 400 மில்லிகிராம் மருந்து இருக்கிறது!

எதிர்த்தரப்புக் கணக்கு வேறு மாதிரி. மனிதக் குடலில் வாழும் பன்றி நாடாப்புழு சில மீட்டர் நீளம், சுமார் 1,000 துண்டங்கள். முற்றிய துண்டம் ஒன்றில் 50,000 முட்டைகள் வரை இருக்கும். மலத்தோடு வெளியேறும் முட்டையைப் பன்றி தின்றால், பொரிந்த இளம்புழு குடற்சுவரைத் துளைத்துத் தசைக்குப் போய்க் கட்டியாகிறது. டிசோல்18 இந்த இளம்புழுவின் புரதம். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழு அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது. ஊசி போட்ட பன்றியின் ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் தயாராக இருப்பதால், கட்டியாவதற்கு முன்பே புழு சாகிறது.

ஏற்கெனவே உருவான கட்டியை ஊசி தொடாது. அதற்கு ஆக்ஸ்பெண்டசோல், கிலோவுக்கு 30 மில்லிகிராம். 20 கிலோ பன்றிக்கு 600 மில்லிகிராம். அதே பன்றிக்குப் போன புரதத்தைப்போல் ஆயிரம் மடங்கு. கேமரூனிலும் இரண்டாம் தவணையோடு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். அந்தப் பூஜ்யத்தின் பெருமை முழுவதையும் புரதத்தின் பேரில் எழுதுவது நியாயமில்லை.

இனி மனிதர் பக்கம். கட்டியுள்ள கறியைச் சரியாக வேகாமல் தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அப்படிப் புழு சுமப்பவரின் கை வழியாகவோ அசுத்தமான தண்ணீர் வழியாகவோ முட்டை வயிற்றுக்குள் போனால் கட்டி மூளையிலும் வளரும். பன்றிக்கறியை மோந்துகூடப் பார்க்காதவருக்கும் இது வரும். வேலூர் மாவட்டத்தில் 50,617 பேரிடம் நடத்திய ஆய்வில் ஆயிரத்துக்கு 3.83 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளைக் கட்டியே காரணம். நோயாளி ஒருவருக்கு நாளைக்கு 800 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்று 14 நாள் கொடுத்தால் 28 மாத்திரை, 11,200 மில்லிகிராம். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, ஸ்கேன், போன கூலி எல்லாம் தனி.

எடையும் விலையும் ஒன்றல்லதான். இந்தத் தடுப்பூசியை ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் தயாரிக்கிறது. சிக்கல் யார் பணம் கொடுப்பது என்பதில். செலவு பன்றி வளர்ப்பவருக்கு, தப்பித்தவர் யாரோ ஒருவர். ஓராண்டில் பன்றி கறிக்குப் போய்விடும், பட்டியில் புதுக் குட்டிகள் நிற்கும், மறுபடி ஊசி. இதை அரசுச் செலவில் எழுதுவதுதான் சரி என்பது என் கட்சி.

பெருவின் தும்பெஸ் பகுதியில் மனிதர், பன்றி இரு பக்கமும் மருந்து கொடுத்து, பன்றிகளுக்கு ஊசியும் போட்டார்கள். கடைசிக் கட்டத்தில் 81,170 பேர், 55,638 பன்றிகள். 107 கிராமங்களில் 105இல் தொற்று நின்றது.

பேரேட்டில் மலிவான வரி நாடாப்புழு சுமக்கும் ஆளுக்கானது: நிக்ளோசமைடு 2 கிராம், ஒரே வேளை. ஆனால் பெரும்பாலும் அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார்.