டிம் லைட்டின் எல்லைக்கோடு: காரில் புரொஜெக்டர் பொருத்தும் கலை

காரின் டிம் லைட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள். ஓட்டுபவருக்குச் சாலை தெரிய வேண்டும். எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது. 1971-ல் அறிமுகமான எச்4 ஹாலோஜன் பல்பு இந்த இரண்டையும் ஒரு சின்னத் தகட்டை வைத்துச் சமாளிக்கிறது. பல்புக்குள் பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் குழிவான தகடு ஒன்று இருக்கும். அது கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்துவிடுவதால், டிம்மில் ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும் வேலை செய்கிறது. அங்கே பட்ட ஒளி சரிந்து சாலையில் விழுகிறது. கீழ்ப் பாதி சும்மா கிடக்கிறது. எச்4 டிம் இழை தருவது சுமார் 1,000 லூமன். அதில் ஒரு பகுதியே சாலைக்குப் போய்ச் சேர்கிறது. மழை இரவில் தார்ச் சாலையின் ஓரக் கோடு தெரியாமல் தடுமாறுபவர்களுக்கு இந்தக் கணக்கின் வலி தெரியும்.

இந்தக் குறைக்குப் பலர் உடனே தேடும் மருந்து, அதே ஹோல்டரில் மாட்டும் எச்.ஐ.டி. (செனான்) பல்போ எல்.இ.டி. பல்போ. பத்து நிமிட வேலை, வெளிச்சமும் கூடிவிடும். ஆனால் அந்த ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும், இழை இருக்கும் குறிப்பிட்ட புள்ளியை மனத்தில் வைத்துக் கணக்கிடப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், அதன் வடிவம் மாறினாலும் கதிர்கள் சிதறும். கூடுதலாகக் கிடைத்த வெளிச்சத்தில் பெரும்பங்கு எதிரே பைக்கில் வருபவரின் முகத்துக்குத்தான் போகிறது. கண் கூசி அவர் தடுமாறும் அந்த இரண்டு விநாடிகளுக்குப் பொறுப்பு பல்பை மாற்றியவருடையது. வெளிச்சம் கூடுவதைவிட, அது எங்கே நிற்கிறது என்பதே முக்கியம் என்று புரிந்துகொண்டவர்கள் தேர்ந்தெடுக்கும் வழிதான் புரொஜெக்டர்.

புரொஜெக்டரில் ரிஃப்ளெக்டர் நீள்வட்ட வடிவில் இருக்கும். நீள்வட்டத்துக்குக் குவியங்கள் இரண்டு. ஒன்றில் பல்பு, அதிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் இரண்டாவது குவியத்தில் வந்து கூடும். அந்த இடத்தில் நிற்கிறது ஒரு மெல்லிய உலோகத் தகடு. அதற்கு முன்னால் தடித்த குவிலென்ஸ். தகட்டின் விளிம்பைத்தான் லென்ஸ் பெரிதாக்கிச் சாலையில் படமாக விழச் செய்கிறது. சினிமா புரொஜெக்டரில் படச்சுருளைப் போலவே இங்கும் படம் தலைகீழாக விழும். அதனால் தகடு அடைக்கும் கீழ்ப் பாதி, சுவரில் மேலே இருட்டாகத் தெரியும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல் ஓடும் கோட்டைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். தமிழ்நாட்டில் போக்குவரத்துக் காவலர்கள் ஹெட்லைட்டின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கமும் இதே நோக்கத்தில் வந்ததுதான். ஆனால் கண்ணாடிமேல் ஒட்டும் ஸ்டிக்கரால் ஒளியைக் குறைக்க முடியுமே தவிர, கோடு கிழிக்க முடியாது.

1986-ல் வந்த பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் காரில் இந்த நீள்வட்ட டிம் லைட் இடம்பெற்றது. அதே வரிசைக் காரில் 1991-ல் செனான் எனப்படும் எச்.ஐ.டி. விளக்கும் வந்தது. பிறகு வந்த பை-செனான் புரொஜெக்டரில் தகட்டோடு சாலினாய்டு என்ற மின்காந்தம் இணைந்திருக்கும். பிரைட் போட்டதும் அது தகட்டைக் கீழே இழுத்துவிடும். மறைந்திருந்த பாதியும் திறந்து ஒளி முழுவதும் முன்னால் பாயும். ஒரே பல்பில் டிம்மும் பிரைட்டும் கிடைப்பதால், எச்4 காருக்கு இந்த வகைதான் பொருத்தம்.

புரொஜெக்டர் வாங்கும்போது விலையையும் பிராண்டையும் பார்ப்பவர்கள் தவறவிடும் ஒரு விஷயம், கட்-ஆஃப் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பது. டிம் கோடு முழுக்கக் கிடையாக இருப்பதில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் வண்டிகள் இடப்பக்கம் போவதால், கோடு வலப்பக்கம் தாழ்ந்தும், இடப்பக்கம் சுமார் 15 டிகிரிச் சரிவில் மேலேறியும் இருக்க வேண்டும். எதிர்வண்டி வரும் பக்கம் இருட்டு. நடந்துபோகிறவர்களும் ஊர்ப்பலகையும் இருக்கும் பக்கம் வெளிச்சம். படம் தலைகீழாவதால், பின்னாலிருந்து பார்க்கும்போது தகட்டின் வலப் பாதி தாழ்ந்திருக்கும். ஜெர்மன், அமெரிக்கக் கார்களிலிருந்து கழற்றிய புரொஜெக்டரில் இது நேர்மாறு. அதை அப்படியே இங்கே மாட்டினால், ஏறும் பகுதி எதிரே வரும் லாரி ஓட்டுநரின் கண்ணில் போய் நிற்கும். சில ஐரோப்பிய புரொஜெக்டர்களில் அந்த ஏற்றத்தை மட்டும் மறைக்கச் சின்ன நெம்புகோல் உண்டு. இல்லையென்றால் தகட்டையே மாற்ற வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் ஜோடி புரொஜெக்டர் வாங்குகிறவர், கடையிலேயே பேட்டரி வைத்து எரியவிட்டுச் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டே காசைக் கொடுக்க வேண்டும். லென்ஸ் உள்புறம் வெந்து மங்கியிருக்கிறதா, ரிஃப்ளெக்டரின் பளபளப்பான பூச்சு கருகியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

புதிதாக வாங்குவோருக்கு எச்.ஐ.டி., எல்.இ.டி. என இரண்டு வழிகள். புரொஜெக்டருக்கென்றே வந்த டி2எஸ் செனான் பல்பு 35 வாட்டில் 3,200 லூமன் தரும். அதைப் பற்றவைக்க பேலஸ்ட் என்ற மின்கருவி 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு துடிப்பை அனுப்பும். முழு வெளிச்சத்துக்கு வரச் சில விநாடிகள் பிடிக்கும். கார் கம்பெனிகள் பொருத்தும் செனானின் நிறம் 4,300 கெல்வின் அளவில்தான் இருக்கும். 8,000 கெல்வின் நீல வெளிச்சத்தில் லூமன் குறைகிறது, பார்ப்பவர் கண் அதிகம் கூசுகிறது. அழகுக்காக மட்டுமே விற்கும் சரக்கு அது. டிம், பிரைட் இரண்டும் தரும் பை-எல்.இ.டி. உடனே எரியும், ஒயரிங்கும் சுலபம். ஆனால் அதன் சூடு பின்னால் இருக்கும் ஹீட் சிங்க்குக்குப் போய்விடுவதால் ஹெட்லைட்டின் முன்கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். உள்ளே கட்டிய ஈரம் காயத் தாமதமாகும். ஹெட்லைட்டின் பின்மூடிக்கும் எஞ்சின் பாகங்களுக்கும் நடுவே எல்.இ.டி.யைக் குளிர்விக்கும் ஃபேனுக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டே ஆர்டர் செய்ய வேண்டும். லென்ஸ் அளவில் இரண்டரை அங்குலம், மூன்று அங்குலம் இரண்டும் பரவலாகக் கிடைக்கின்றன. எச்4 ஓட்டைக்குள் திருகு மரையோடு நுழையும் வகைகள் வந்த பிறகு, ரிஃப்ளெக்டரை அறுக்கும் தேவை பல கார்களில் குறைந்துவிட்டது.

ஹெட்லைட்டைப் பிரிக்கும் முன்பே சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கண்கூச்சத்துக்குத் தனி விதி உண்டு: மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-வது விதிப்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி விழ வேண்டும். ஒழுங்காகப் பொருத்திய புரொஜெக்டர் இரண்டாவது விதியை மீறாது. முதல் விதியின் சிக்கல் அப்படியே இருக்கிறது. வாரண்டியும் இன்ஷூரன்ஸும் இதைச் சார்ந்தவை. உயர் ரக மாடலில் கம்பெனியே புரொஜெக்டர் வைத்து விற்கும் கார் என்றால், அந்த ஹெட்லைட் செட்டையே வாங்கி மாட்டுவது செலவு கூடினாலும் பாதுகாப்பான வழி.

பிரிக்கும் வேலை பேட்டரி ஒயரைக் கழற்றுவதில் தொடங்குகிறது. முன் பம்பரை இறக்கி ஹெட்லைட்டை வெளியே எடுத்தால், கருப்புப் பிளாஸ்டிக் உடலும் பாலிகார்பனேட் முன்கண்ணாடியும் பசையால் ஒட்டியிருப்பது தெரியும். அது பியூட்டைல் ரப்பர் என்றால் சூட்டில் இளகும். சில கார்களில் இறுகிப்போகும் வேறு பசை இருக்கும்; சூட்டுக்கு அசையாத அதை அறுத்தே எடுக்க வேண்டும், பழகாத கை அதில் இறங்கக் கூடாது. வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பில் கார் ஹெட்லைட் நுழையாது. அதனால் பட்டறைகளில் பெரிய பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றுகிறார்கள், அல்லது ஹீட் கன்னால் ஓரம் ஓரமாக இளக்குகிறார்கள். 110 டிகிரி செல்சியஸ் அளவில் பத்து நிமிடம் வைத்தால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற உடல் நெளியும் அபாயம். பல்பு, ரப்பர் மூடி, ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்துவிட்டு, தட்டையான ஸ்க்ரூ டிரைவரை ஒரு மூலையில் கொடுத்து மெல்ல நெம்பினால், பசை கருப்பு இழைகளாக நீண்டு விட்டுக்கொடுக்கும். ரிஃப்ளெக்டரின் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. அதில் விரல் பட்டால் ரேகை நிற்கும்; துடைத்தால் பூச்சே போய்விடும்.

பொருத்துவதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. டிம் ஒளி கீழே சாய வேண்டிய அளவு, பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர். கோணக் கணக்கில் அது அரை டிகிரியைச் சற்றே தாண்டும். புரொஜெக்டரின் நட்டுக்கு அடியில் வரும் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள வாஷர் ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் தூக்கி நின்றாலே புரொஜெக்டர் 1.4 டிகிரி சாய்ந்துவிடும். மொத்தச் சாய்வைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மேல் கீழ், இடம் வலம் பிசகை ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் சரிசெய்யும் ஸ்க்ரூக்கள் ஓரளவு திருத்தும். சுழற்சிப் பிசகுக்கு அப்படி ஒரு ஸ்க்ரூவே கிடையாது. புரொஜெக்டர் 2 டிகிரி சுழன்று மாட்டப்பட்டால், 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் நடுவிலிருந்து 2 மீட்டர் வலப்பக்கத்தில் கோடு 7 சென்டிமீட்டர் ஏறிவிடும். 10 சென்டிமீட்டர் சாய்வில் மிஞ்சுவது மூன்று. ஆகவே நட்டைக் கையால் மட்டும் முறுக்கி, ஹெட்லைட்டைத் தற்காலிகமாகக் காரில் மாட்டி, எரியவிட்டு, சுவரில் ஒட்டிய டேப்போடு கோடு ஒத்துவரும் வரை திருப்பிப் பார்க்க வேண்டும். ஒத்துவந்த பிறகே நட்டை இறுக்கி, எப்பாக்ஸி பசையால் அசையாமல் நிறுத்த வேண்டும். சூப்பர் குளூ வகைப் பசை இங்கே ஆகாது. அதிலிருந்து கிளம்பும் ஆவி ரிஃப்ளெக்டரிலும் லென்ஸிலும் வெண்படலமாகப் படியும். புரொஜெக்டரைச் சுற்றி வைக்கும் அலங்கார வளையத்துக்குப் பெயின்ட் அடித்தாலும், முழுதாகக் காய்ந்து வாடை போன பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

ஒயரிங்கில் கார் கம்பெனியின் மெல்லிய ஒயரை நம்பாமல், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே மின்சாரம் எடுத்து ரிலே மூலம் பேலஸ்ட்டுக்குக் கொடுப்பதே முறை. பழைய எச்4 பிளக், ரிலேவை இயக்கும் சிக்னலாக மட்டும் இருக்கும். பல ஜப்பானியக் கார்களில் எச்4 பிளக்கின் பொது ஒயர் பாசிட்டிவ். சுவிட்ச், எர்த் பக்கம் வேலை செய்கிறது. மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் இணைத்தால் பிரைட் சாலினாய்டு இழுக்காமல் நிற்கும். பிரைட் போடும்போது டிம் சிக்னல் அணைந்துவிடும் கார்களில், பல்பு அணையாமலிருக்க டையோடு வைத்த ஒயர்க்கட்டு (ஹார்னஸ்) தேவை.

மூடும்போது பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய பியூட்டைல் கயிற்றைப் பள்ளத்தில் இடைவெளி விடாமல் அழுத்தி, மறுபடி சூடேற்றி, கிளாம்பு போட்டு ஆறவிட வேண்டும். கட்டட வேலைக்கான சிலிக்கோன் வேண்டாம்: அதிலிருந்து வரும் புளித்த ஆவி பூச்சை அரிக்கும், அடுத்த முறை பிரிக்கவும் விடாது. காற்றோட்டத் துளைகளை அடைத்துவிடக் கூடாது. தண்ணீர்க் குழாயால் நன்றாக அடித்துப் பார்த்து, உள்ளே ஈரம் இல்லை என்று உறுதியான பிறகே பம்பர் ஏற வேண்டும்.

கடைசி அளவுக்குச் சமதளத் தரை வேண்டும். டயர்களில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட உயரக் குமிழ் இருந்தால் அது 0-வில். லென்ஸின் நடு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்றால், 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் கோடு 55 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். அப்போது வெளிச்சத்தின் முனை சாலையில் 65 மீட்டரில் விழும். பின் இருக்கையில் மூன்று பேர் ஏறி டிக்கியில் சாமான் வைத்தால் காரின் மூக்கு மேலெழும். அரை டிகிரி எழுந்தாலே முழுச் சாய்வும் கிட்டத்தட்டப் போய்விடும். 2,000 லூமனுக்கு மேல் தரும் டிம் விளக்குக்குத் தானாக உயரம் திருத்தும் அமைப்பையும் ஹெட்லைட் கண்ணாடி கழுவும் அமைப்பையும் ஐரோப்பிய விதிகள் கட்டாயமாக்கியது கண்கூச்சத்தைத் தடுக்கத்தான். புரொஜெக்டர் மாட்டியவர் அந்தக் குமிழை ஒவ்வொரு பயணத்திலும் சுமைக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். முன்கண்ணாடியில் சேறு படிந்தால் நின்று துடைக்க வேண்டும், ஏனென்றால் படிந்த சேறு கோட்டைக் கலைத்து ஒளியைச் சிதறடிக்கும். சில வாரம் ஓடி வாஷரும் பசையும் படிந்த பிறகு மறுபடி சுவரில் அடித்துப் பார்ப்பது அவசியம். செனான் பல்பு வயதாக ஆக நீலம் ஏறி மங்கும். ஒன்று போனால் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.