பொலிஸ் மீது முறையிடலாமா? – நடுவே நிற்கும் சட்டத்தரணியின் பணி

கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு வெங்காயத் தோட்டம். கிணற்றடியில் இருந்த நீரிறைக்கும் இயந்திரம் ஒருநாள் காலையில் காணாமற் போய்விடுகிறது. தோட்டக்காரர் பொலிஸ் நிலையம் செல்கிறார். யார்மேல் சந்தேகம் என்று கேட்கிறார்கள். தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கும் இடம்பெயர்ந்த இளைஞனின் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. அவனைக் கூட்டிச் செல்கிறார்கள். மறுநாள் மாலை வீடு திரும்பியவனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. தாயார் அழுகிறார். அயலவர் சொல்லும் புத்திமதி ஒன்றே: "நாங்க வந்த சனம். பொலிஸோட கொழுவிட்டு இந்த ஊர்ல இருக்க ஏலுமா? பேசாம உடுங்க."

இது நாம் கற்பனை செய்த சம்பவம். ஆனால் அந்தப் புத்திமதி கற்பனையல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, கையில் எடுத்த பொருளோடு புத்தளம் கரையோரம் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு அது நன்கு பழக்கமானது. சொந்தக் காணியில் நெல்லும் மிளகாயும் விளைவித்தவர் பிறர் தோட்டத்தில் கூலியாளாக நிற்கும்போது, நியாயம் கேட்கும் துணிவும் குறைந்துவிடுகிறது. பொலிஸார் தவறு செய்தால் அதே பொலிஸாரிடமா போய்ச் சொல்வது? வேறு கதவு உண்டா? அந்தக் கதவுக்குள் இருப்பவர் யார், அவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது? இவற்றை இங்கு பார்ப்போம்.

இரண்டு கதவுகள்

இலங்கையில் பொலிஸுக்கு வெளியே இருந்து பொலிஸைக் கேள்வி கேட்கும் பொது நிறுவனங்கள் முக்கியமாக இரண்டு.

முதலாவது, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அரச உத்தியோகத்தர் எவரும் ஒருவரது அடிப்படை உரிமையை மீறினால் அதை விசாரிக்கலாம். சாட்சிகளை அழைக்கலாம். பொலிஸ் நிலையம், சிறைச்சாலை உட்பட ஆட்களைத் தடுத்து வைத்திருக்கும் எந்த இடத்துக்குள்ளும், ஆணைக்குழு எழுத்தில் அதிகாரமளித்தவர் எந்நேரமும் நுழையலாம்.

இரண்டாவது, தேசிய பொலிஸ் ஆணைக்குழு. 2001-இல் அரசியலமைப்பின் 17-ஆம் திருத்தம் இதைத் தோற்றுவித்தது. 2002 நவம்பரில் முதல் உறுப்பினர்கள் நியமனம் பெற்றனர். அவர்களின் தலைவர் ரஞ்சித் அபேசூரிய ஒரு ஜனாதிபதி சட்டத்தரணி. பொலிஸார் மீது பொதுமக்கள் செய்யும் முறைப்பாடுகளை ஏற்று விசாரிக்க இவ்வாணைக்குழு ஒரு நடைமுறையை ஏற்படுத்த வேண்டும் என்று அரசியலமைப்பே கூறுகிறது. ஆயினும் அதற்கான விதிகள் வர்த்தமானியில் வெளிவர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2010-இல் வந்த 18-ஆம் திருத்தம் இதன் ஏனைய அதிகாரங்களைப் பறித்து, முறைப்பாடு கேட்கும் வேலையை மட்டும் விட்டுவைத்தது. 2015-இல் 19-ஆம் திருத்தம் அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் இந்தக் கதவு அகலுவதும் ஒடுங்குவதுமாக இருந்து வந்திருக்கிறது.

சட்டத்தரணி என்ன செய்கிறார்?

இத்தகைய நிறுவனங்களில் சட்டம் கற்ற விசாரணை உத்தியோகத்தர்கள் பணிபுரிகிறார்கள். அவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. அவர்கள் நமக்காக வழக்குப் பேச வந்தவர்கள் அல்லர். பொலிஸாருக்காகப் பேசுபவர்களும் அல்லர். இரு பக்கத்தையும் கேட்டு, நடந்தது எது என்று கண்டறிவதே அவர்களது தொழில். ஆதலால் அவர் நம்மிடமும் கடினமான கேள்விகளைக் கேட்பார். எந்த நாள்? எத்தனை மணி? எந்த அறை? அடித்தவர் சீருடையில் இருந்தாரா? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? இவ்வாறு கேட்பதால் அவர் நம்மை நம்பவில்லை என்று பொருளல்ல. இதே கேள்விகளை நாளை பொலிஸ் தரப்பும் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும்.

முறைப்பாடு கிடைத்ததும் பொலிஸ் நிலையத்திடம் அறிக்கை கேட்கப்படும். "விசாரித்துவிட்டு அன்றே விட்டுவிட்டோம்" என்று பதில் வரக்கூடும். அப்போது கடதாசிகள் பேசத் தொடங்கும். நிலையத்தின் தகவற் புத்தகத்தில் கைது எத்தனை மணிக்குப் பதிவாகியிருக்கிறது? வைத்தியசாலைக் குறிப்பில் காயம் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது? வாக்குமூலத்தில் உள்ள நேரம் இவற்றோடு ஒத்துப்போகிறதா? உண்மை பெரும்பாலும் இந்த நேரங்களுக்கு இடையே உள்ள பொருத்தமின்மையில்தான் அகப்படுகிறது.

சில வேளை பலருடைய துன்பத்தையும் ஒருங்கே பார்க்கும் பணியும் உண்டு. 2015 முதல் 2020 வரை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் உறுப்பினராக இருந்த சட்டத்தரணி அம்பிகா சற்குணநாதன் நாட்டின் சிறைச்சாலைகள் பற்றிய விரிவான ஆய்வொன்றுக்குத் தலைமை தாங்கினார். கைதிகளிடமே நேரில் கேட்டுத் திரட்டிய அந்த அறிக்கை 2020-இல் வெளிவந்தது. மூடிய சுவருக்குள் நடப்பதை வெளியே கொண்டுவருவதும் இத்தொழிலின் ஒரு பகுதியே.

நம் கரையில் நடந்தவை

2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்' பற்றிய பீதி நாடெங்கும் பரவியது. மர்ம மனிதர்களைப் பொலிஸார் காப்பாற்றுகிறார்கள் என்று சனங்கள் நம்பினார்கள். புத்தளத்தில் மக்களுக்கும் பொலிஸாருக்கும் இடையே மூண்ட மோதலில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, 2012 பெப்ரவரி 15 அன்று, எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் திரண்ட மீனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு மீனவர் உயிரிழந்தார்.

ஒன்றில் இறந்தவர் பொலிஸ்காரர். மற்றதில் இறந்தவர் கடற்றொழிலாளி. இரண்டும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. மக்கள் நம்பிச் சென்று முறையிட ஓர் இடமில்லாவிட்டால், நியாயம் தெருவில் தேடப்படும். தெருவில் தேடப்படும் நியாயத்துக்கு இரு பக்கத்திலும் உயிர் பலியாகும். நல்ல மேற்பார்வை பொலிஸாருக்கும் பாதுகாப்பே.

எல்லையும் உண்டு

மனித உரிமைகள் ஆணைக்குழு தண்டனை வழங்கும் நீதிமன்றம் அல்ல. அது பரிந்துரை செய்யலாம். பரிந்துரையை அதிகாரிகள் ஏற்காவிட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கையிடலாம். அவ்வறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்படும். கட்டாயப்படுத்தும் ஆணை வேண்டுமாயின் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய வேண்டும்.

அதற்குப் பொறுமை தேவை. மிரிஹானைப் பொலிஸாரால் சித்திரவதைக்கு உள்ளானதாக முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் 2011-இல் மனு தாக்கல் செய்தார். தீர்ப்பு வந்தது 2023 டிசம்பரில். பிரதிவாதிகளில் ஒருவரான தேசபந்து தென்னகோன் அப்போது பதில் பொலிஸ் மா அதிபராக இருந்தார். அவர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்குமாறு தேசிய பொலிஸ் ஆணைக்குழு உள்ளிட்டோருக்கு நீதிமன்றம் பணித்தது. அதன் பின்னும் 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் அவர் பதவியில் செயற்படுவதை நீதிமன்றம் தடுத்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. ஒரு சாதாரண மனிதரின் மனு பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தும் சாகவில்லை.

இக்குறைகள் நமக்கு மட்டும் உரியவையல்ல. இந்திய உயர் நீதிமன்றம் 2006-இல் ஒவ்வொரு மாநிலத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் பொலிஸ் முறைப்பாட்டு அதிகார சபை அமைக்கப் பணித்தது. தமிழ்நாடோ 2013-இன் சட்டத்தில் அந்தத் தலைமையை உள்துறைச் செயலாளருக்கே கொடுத்தது. மாறாக, வட அயர்லாந்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஒம்புட்ஸ்மன் அலுவலகம் பொலிஸிடம் அறிக்கை கேட்டுக் காத்திராமல், தன் சொந்த விசாரணையாளர்களைக் கொண்டே விசாரிக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

விசாரிப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும், முதல் சில நாட்களில் நாம் சேர்த்துவைத்த சான்றுகளைக் கொண்டே அவரால் வேலை செய்ய முடியும். எனவே பின்வருவனவற்றை மனத்தில் வைத்திருப்போம்.

1. கைது செய்பவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். பொதுவான சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். கூட்டிச் சென்ற நேரத்தை வீட்டார் உடனே எழுதி வைக்கவும்.

2. ஒருவரைத் தடுத்து வைத்திருக்கும்போதே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கலாம். அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. சட்டம் வந்த ஆண்டும் அதுவே, மறக்க மாட்டீர்கள்.

3. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். விளங்கும் மொழியில் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்றும், கூறியவர் அதில் திருத்தவோ சேர்க்கவோ முடியும் என்றும் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக் கோவையின் 110-ஆம் பிரிவு கூறுகிறது.

4. 2012-இல் வெளியான விதிகளின்படி, சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கு வந்து தம் கட்சிக்காரருக்காகத் தோன்றலாம்.

5. காயம் இருந்தால் தாமதியாமல் அரச வைத்தியசாலைக்குச் செல்லவும். "விழுந்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டாம். அந்த ஒரு சொல் பின்னர் முழு முறைப்பாட்டையும் கெடுத்துவிடும்.

6. உயர் நீதிமன்ற மனுவுக்கு ஒரு மாதமே தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது என்று அதன் சட்டம் கூறுகிறது. எனினும் முறையிட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்களுக்கு நீதிமன்றம் எப்போதும் இச்சலுகையைத் தருவதில்லை. ஆகவே உடனே ஆலோசனை பெறுங்கள். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

7. கொடுத்த கடிதம் ஒவ்வொன்றுக்கும் பிரதி வைத்திருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.

8. முறையிட்டதற்காக அச்சுறுத்தினால் அதுவும் தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015-இல் முதன்முதலாகச் சட்டம் வந்தது. 2023-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

சித்திரவதைக்கு 1994-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டம் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனையை விதிக்கிறது. அச்சட்டம் பாதுகாப்பது "எந்த ஆளையும்" ஆகும். காணி உறுதி வைத்திருப்பவர், ஊரில் பிறந்தவர், நேற்று வந்தவர் என்ற பேதம் அதில் இல்லை.

மீண்டும் அந்த வெங்காயத் தோட்டத்து இளைஞனிடம் வருவோம். அவன் இயந்திரத்தை எடுத்தானா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். எடுத்திருந்தாலும் அவன் கையை முறுக்க எவருக்கும் உரிமையில்லை. அயலவர்களாகிய நாம் "பேசாம உடுங்க" என்பதற்குப் பதிலாக, அன்று இரவே அவனை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று, நேரத்தையும் பெயர்களையும் ஒரு கொப்பித்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எங்கோ ஓர் அலுவலகத்தில் கோவையைத் திறக்கும் சட்டத்தரணிக்கு அந்தத் தாளிலிருந்துதான் வேலை தொடங்குகிறது.