குழந்தையின் பாதம் ஏன் தட்டையாக இருக்கிறது? சிறப்புக் காலணி தேவையா?

ஈரக் காலோடு நடக்கும் குழந்தையின் சுவட்டைப் பாருங்கள். உள்பக்க வளைவே தெரியாது. இது நோயா? பெரும்பாலும் இல்லை. சிறு வயதில் உள்ளங்காலில் கொழுப்பு திரண்டிருக்கும். எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் தளர்வாக இருக்கும். அதனால் நிற்கும்போது உடல் எடையில் வளைவு அமுங்கிவிடுகிறது. ஏறக்குறைய 10 வயதுக்குள் பெரும்பாலானோருக்கு அது தானாகவே உருவாகிவிடும். சோதித்துப் பார்ப்பதும் எளிது. குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். நாணை இறுக்கினால் வில் வளைவதுபோல, விரல்கள் மடங்கும்போது உள்ளங்காலின் நார்ப்பட்டை இறுகி வளைவை உயர்த்தும். அப்படி வளைவு எழுந்தால் பாதம் நெகிழ்வானது.

'சிறப்புக் காலணி போட்டால் சீக்கிரம் சரியாகாதா?' என்று நீங்கள் கேட்கலாம். 1989-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 3 ஆண்டுகள் அத்தகைய காலணி அணிந்த குழந்தைகளுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. 1992-இல் வெளியான இந்திய ஆய்வில், காலணி அணிந்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்கும், அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. காலணிதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் வளைவு உருவாகக் காலணி தேவையில்லை என்பது தெளிவு. வலி, விறைப்பு, ஒரு காலில் மட்டும் தட்டை, நுனிக்காலிலும் எழாத வளைவு ஆகியவை இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால், பாதுகாப்பான இடத்தில் வெறுங்காலோடு ஓடி விளையாட விடுங்கள்.