கடதாசிப் பாவைகள்

பாவை என்னும் சொல் பதுமையைக் குறிக்கும், பெண்ணைக் குறிக்கும், கண்ணின் மணியையுங் குறிக்கும். விளையாட்டுப் பொருள் ஒன்றுக்கும் பார்வைக்கு உயிராகிய கருமணிக்கும் ஒரே பெயரை வழங்கிய முன்னோர், சிறுமி ஒருத்தி தன் பாவையை எவ்வாறு போற்றுவாள் என்பதை நன்கறிந்தவர் ஆதல் வேண்டும்.

மரத்தாலும் மண்ணாலும் தந்தத்தாலும் துணியாலும் பாவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் மிக எளியதும் மிக விரைவில் அழிவதும் கடதாசிப் பாவையே. மட்டையில் அச்சிட்ட ஓர் உருவம். அதன் அளவுக்கேற்ப மெல்லிய தாளில் அச்சிட்ட உடுப்புகள். உடுப்புகளின் தோளிலும் இடையிலும் மடித்து மாட்டுவதற்குரிய சிறு மடிப்புகள். கத்தரிக்கோல் ஒன்று கைக்கு எட்டினாற் போதும், பாவை பிறந்துவிடும். இதனோடு உடன்பிறந்தாற்போல வளர்ந்தது வண்ணந்தீட்டு புத்தகம். அங்கும் கோட்டுருவம் மட்டுமே அச்சகத்தின் பங்கு. எஞ்சியதெல்லாம் பிள்ளையின் பங்கு.

மேலைநாடுகளில் முதுமை எய்திய பலர், தம் இளமையிற் கைக்கொண்டு விளையாடிய இப்பாவைகளையும் புத்தகங்களையும் இன்று தேடி அலைகின்றனர். பழம்பொருட் கடைகளிலும் ஏலங்களிலும் அவை விலைபோகின்றன. நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்ரர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகம் அவற்றைத் தொகுத்துப் பேணுகின்றது. இவ்வணிகத்தில் ஒரு விதி உண்டு. வெட்டப்படாத தாளுக்கே விலை மிகுதி. வெட்டி விளையாடிய பாவைக்கு விலை குறைவு. வண்ணம் படாத புத்தகம் உயர்ந்தது. பிள்ளையின் கைபட்டது தாழ்ந்தது. இவ்விதியை அறிந்தபோது என் உள்ளத்தில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். விளையாடுதற்கென்றே பிறந்த பொருள் விளையாடப்படாமையினால் மதிப்புப் பெறுமாயின், மக்கள் ஏங்குவது எதற்காக? தாளுக்காகவா, விளையாட்டுக்காகவா?

பாடம் புகட்டிய பாவை

1810ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் எஸ். அண்ட் ஜே. புல்லர் என்னும் பதிப்பகத்தார் ‘சிறுமி ஃபனியின் வரலாறு’ என்றொரு சிறு நூலை வெளியிட்டனர். நூலோடு வெட்டிய உருவங்கள் சிலவும் இருந்தன. தலை ஒன்று, உடல்கள் பல. கதை செல்லச் செல்ல, அத்தலையை எடுத்து அடுத்த உடலின் கழுத்திற் செருகிக்கொள்ள வேண்டும். அழகிய ஆடையிற் செருக்குக் கொண்ட சிறுமி தாய்சொற் கேளாது வெளியே செல்கின்றாள், ஆடையை இழக்கின்றாள், இரந்து நிற்கின்றாள், ஏவல் செய்து பிழைக்கின்றாள், ஈற்றில் திருந்தி, கையில் நூலேந்தியவளாய் வீடு திரும்புகின்றாள். இரண்டாண்டு கழித்து, 1812இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலும் ‘சிறுவன் ஹென்றி’ என்னும் இத்தகைய பாவைநூல் ஒன்று வெளிவந்தது.

பதிப்பித்தவர் புகட்ட எண்ணிய பாடம் அடக்கம் என்பது. ஆயினும் கடதாசி தானாகவே வேறொரு பாடத்தையும் புகட்டியிருத்தல் வேண்டும். செல்வச் சிறுமியின் கழுத்திலும் இரவலாளின் கழுத்திலும் பொருந்தியது ஒரே முகமன்றோ? ஆடை மாறிற்று; ஆள் மாறவில்லை. இதனை நூலிற் படித்தறிவது ஒன்று. தன் விரல்களாற் செய்து அறிவது மற்றொன்று. ஆனால், சில ஷில்லிங் விலைபெற்ற அந்நூலை ஏழைவீட்டுப் பிள்ளை தொட்டிருக்க இயலாது.

கூலிக்குத் தீட்டிய கைகள்

வண்ணத்தின் கதை இதனினும் துயரமானது. அக்காலத்தில் நூல்களைப் பல நிறத்தில் அச்சிடும் முறை பரவவில்லை. கறுப்புக் கோடுகளாக அச்சிட்ட படங்களுக்குக் கையினாலேயே வண்ணம் ஏற்றினர். ஏற்றியவர் யார்? லண்டன் நகரத்து ஏழைப் பிள்ளைகள். மேசையைச் சூழ்ந்து வரிசையாக இருப்பர். ஒருவருக்கு ஒரு நிறம். ஒரு பிள்ளை சிவப்பை மட்டும் தீட்டித் தாளை நகர்த்தும். அடுத்த பிள்ளை நீலத்தை மட்டும் தீட்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை மகிழ்ந்து பார்த்த படத்தில், தன் வயதொத்த ஏழைப் பிள்ளை ஒன்று கூலிக்கு உழைத்த உழைப்புப் படிந்திருந்தது.

பின்னர் கல்லச்சு முறையிற் பல நிறங்களில் அச்சிடும் கலை வளர்ந்தது; கையால் வண்ணமேற்றும் தொழில் மெல்ல மறைந்தது. அதன்பின்னரே வண்ணந்தீட்டல் விளையாட்டாகப் பெருகியது. நியூயோர்க்கின் மக்லாக்லின் சகோதரர் பதிப்பகம் 1879இல், கேற் கிரீனவே என்னும் ஆங்கில ஓவியரின் சித்திரங்களோடு, சிறுவர்க்கான வண்ணந்தீட்டு நூல் ஒன்றை வெளியிட்டது. வண்ணந்தீட்டு புத்தகங்களின் முன்னோடியாகப் பலராலும் சுட்டப்படுவது இந்நூலே. 1903இல் பின்னி அண்ட் ஸ்மித் என்னும் அமெரிக்க நிறுவனம் எட்டு நிற மெழுகுக்கோல்கள் அடங்கிய பெட்டியை ஐந்து சதத்திற்கு விற்கத் தொடங்கியது. ‘கிரயோலா’ என்று அதற்குப் பெயர் சூட்டியவர் அந்நிறுவனத்தாருள் ஒருவரின் மனைவியாகிய அலிஸ் பின்னி. அவர் ஆசிரியையாகப் பணிபுரிந்தவர் என்பது ஆசிரியராகிய நமக்கு மகிழ்ச்சி தருஞ் செய்தி. ஒரு நிறத்தோடு கட்டுண்டு கிடந்த சிறுகைக்கு, ஐந்து சதத்தில் எட்டு நிறமும் உரிமையாயின.

வறுமைக் காலத்துச் செல்வம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெண்களுக்கான சஞ்சிகைகள் கடதாசிப் பாவையை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. 1908இல் ‘லேடீஸ் ஹோம் ஜேர்னல்’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் ஷீலா யங் என்பவர் வரைந்த ‘லெற்றி லேன்’ என்னும் சிறுமி தோன்றினாள். தாய் படித்து முடித்த இதழ் மகளுக்கு விளையாட்டுப் பொருளாயிற்று.

1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வந்த வறுமைக் காலமே இப்பாவைகளின் பொற்காலம் என்பது வியப்புக்குரியது. பத்துச் சதக் கடைகளிற் பாவைப் புத்தகங்கள் குவிந்தன. ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரின் சால்பீல்ட் பதிப்பகம் வெளியிட்ட ஷேர்லி டெம்பிள் பாவையைப் பிள்ளைகள் விரும்பி வாங்கினர். பத்துச் சதமும் இல்லாத வீட்டுப் பிள்ளை சோர்ந்துவிடவில்லை. சியர்ஸ் நிறுவனத்தார் இலவசமாக அனுப்பிய பழைய விலைப்பட்டியற் புத்தகத்திலிருந்து ஆடவரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் வெட்டியெடுத்துக் குடும்பம் அமைத்தது. கட்டிலும் கதிரையும் அப்புத்தகத்திலிருந்தே வந்தன. பெற்றோர் வாங்க இயலாது ஏங்கிய பொருளையெல்லாம் பிள்ளை கத்தரிக்கோலால் எடுத்துக்கொண்டது!

இரண்டு செய்திகள் இங்கே சிறப்பாகக் கூறத்தக்கன. 1945இல் பில் வொகன் என்பவர் தோற்றுவித்த ‘கேற்றி கீன்’ என்னும் சித்திரக்கதையில், கதைத்தலைவியின் ஆடைகளைப் படிப்போரே வரைந்து அனுப்பலாம். தேர்ந்தவை வரைந்தவரின் பெயரோடு அச்சேறும். விளையாடும் பிள்ளை படைக்கும் பிள்ளையாயிற்று. இரண்டாவது, கறுப்பின ஓவியர் ஜக்கி ஓர்ம்ஸ் 1950களின் தொடக்கத்திற் கறுப்பின மக்களின் ‘பிற்ஸ்பேர்க் கூரியர்’ பத்திரிகையில் வரைந்த ‘டோர்ச்சி’ என்னும் பாவை. கறுப்பினத்தாரை நகைப்புக்குரியோராகவே பெரும்பாலும் சித்திரித்த அக்காலத்தில், அறிவும் அழகும் வாய்ந்த ஒரு பெண்ணாக அவள் விளங்கினாள். அதுகாறும் பிறர் முகத்துக்கே ஆடை உடுத்திப் பார்த்த சிறுமிக்குத் தன் முகம் கிடைத்தது.

1951இல் ‘மக்கோல்ஸ்’ சஞ்சிகையில் பெற்சி மக்கோல் என்னும் பாவை பிறந்தாள். 1959இல் பிளாஸ்ரிக்கினாலாகிய பார்பி வந்தாள். கடதாசியின் செல்வாக்குக் குறையத் தொடங்கியது.

சோற்றுப் பருக்கையும் பிஸ்கற் பேணியும்

எங்கள் இளமைக்காலத்து யாழ்ப்பாணத்தில், 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தமையால், பிறநாட்டு விளையாட்டுப் பொருள்கள் அருமையாகவே கிடைத்தன. சியர்ஸ் புத்தகத்தை வெட்டிய அமெரிக்கச் சிறுமியைப் பற்றி ஒன்றும் அறியாமலே என் தமக்கையார் அதே தொழிலைச் செய்துவந்தார். அவருக்கு வாய்த்தவை சுவர்க்கலண்டர்கள். இலக்குமியையும் சரசுவதியையும் வெட்டுவதற்கு அம்மா இடங்கொடார். புடைவைக் கடைக் கலண்டரிற் சிரித்து நின்ற பெண்களுக்கு மட்டுமே கத்தரிக்கோல் விதிக்கப்பட்டது. பழைய கொப்பி மட்டையில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி உருவை நிமிர்த்துவார். ரொபி சுற்றிவந்த பளபளக்கும் தாள் கூறைச் சேலையாகும். ஒவ்வொருத்திக்கும் பெயருண்டு, ஊருண்டு, மாமியாருண்டு. அனைவரும் ஒரு பிஸ்கற் பேணிக்குட் குடியிருந்தனர்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கான மக்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரம், மாற்றுடை, அரிசி என எடுத்தவற்றை எண்ணிச் சொல்லலாம். அலுமாரியின் அடித்தட்டிற் கிடந்த பேணியை நினைப்பார் யார்? திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை.

இன்று தமக்கையாருக்குப் பேர்த்தி ஒருத்தி இருக்கின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகையைப் படித்து முடித்ததும் இருவரும் நிலத்தில் அமர்ந்து வெட்டுகின்றனர். பேணியில் இருந்த பெண்களின் பெயர்களெல்லாம் புதிய பாவைகளுக்கு இடப்பட்டுவிட்டன. தாள் ஒன்றேனும் எஞ்சவில்லை. விளையாட்டு முழுவதும் எஞ்சியிருக்கின்றது.

அழிவை அறிந்த பாவை

மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்யப்படும் தாளில் அமிலம் உண்டு. பெட்டியில் பூட்டிவைத்தாலும் அது காலப்போக்கில் மஞ்சளித்து நொறுங்கும். ஆகவே வெட்டாது காத்தவர் தாளின் ஆயுளை நீட்டித்தாரேயன்றி, அதற்கு வாழ்வளித்தாரல்லர். ஆராய்வாளருக்கு வெட்டாத தாள் வேண்டும்; அருங்காட்சியகத்தின் பணியையும் யான் குறைத்துரைக்க எண்ணவில்லை. அக்காலத்தார் எதனை அழகென்று கருதினர், யாரை மறந்தனர் என்பதற்கு அத்தாள்கள் சான்றாகும். ஆனால் சான்று வேறு, வாழ்வு வேறு.

யப்பானியர் இதனைத் தெளிவாக உணர்ந்தவர். மார்ச் 3ஆம் நாள் நிகழும் பாவை விழாவை ஒட்டி, சில ஊர்களிற் கடதாசிப் பாவைகளை ஆற்றில் மிதக்கவிடும் வழக்கம் உண்டு. தீங்குகளை ஏற்றுக்கொண்டு பாவை நீரோடு செல்லும் என்பது நம்பிக்கை. போவதற்கென்றே செய்யப்படுவது அப்பாவை.

நம் பழந்தமிழ்ச் சிறுமியரும் மணலில் வண்டற்பாவை செய்தனர். ஐங்குறுநூற்று நெய்தற் பகுதியில் அம்மூவனார் காட்டும் இளையாள் ஒருத்தியின் பாவையைக் கடல் கவர்ந்துவிடுகின்றது. அவளோ நுண்மணலை அள்ளிக் கடலையே தூர்க்கப் புகுகின்றாள். எந்த அருங்காட்சியகத்திலும் அப்பாவை இல்லை. அவள் சினம் மட்டும் ஈராயிரம் ஆண்டளவாக ஆறாமல் இருக்கின்றது. பொருளின் சிறுமைக்கும் அன்பின் பெருமைக்கும் உள்ள தொலைவை அச்சினமே நமக்கு அளந்து காட்டுகின்றது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

வண்ணந்தீட்டு புத்தகத்தைக் கல்வியாளர் அனைவரும் ஏற்றுக்கொண்டாரல்லர். கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்பெல்ட், 1947இல் வெளிவந்த தம் நூலில், பிறர் வரைந்த கோட்டுக்குள் அடைபடும் பிள்ளை தானாக வரையும் துணிவை இழக்கும் என எச்சரித்தார். இவ்வெச்சரிக்கையிற் பேருண்மை உண்டு. ஆயினும் குற்றம் கோட்டின்மேல் இல்லை. கோட்டைத் தாண்டிய பிள்ளையைக் கடிந்துகொள்ளும் நம்மேலேயே உள்ளது. மாந்தருக்குப் பச்சை நிற முகமும் மாட்டுக்கு ஊதா நிறக் கொம்பும் தீட்டிய பிள்ளை, அச்சிட்டவன் நினையாத ஒன்றை நினைத்திருக்கின்றது. கேற்றி கீனுக்கு ஆடை வரைந்து அனுப்பிய சிறுமியரும் முதலிற் பிறர் வரைந்த உருவத்தை வெட்டியே கை பழகினர்.

நம் பிள்ளைகளின் மேசையில் இன்று கடதாசிக்குக் குறைவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குரிய மாதிரி வினாத்தாள்கள் அடுக்கடுக்காய்க் குவிந்திருக்கின்றன. அவற்றுள் வெட்டுதற்கு உரியது ஒன்றில்லை. ஒட்டுதற்கு உரியது ஒன்றில்லை. பிழையாக நிறந்தீட்டி மகிழ்தற்கு உரியதும் ஒன்றில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கடதாசி என்றால் அச்சம் என்று பொருளாகிவிட்டது. நாளை அறுபது வயதில் இப்பிள்ளை எதனை எண்ணி ஏங்கும்? பழைய வினாத்தாளைத் தேடி எவரேனும் அலைவரோ?

ஆதலின் ஆரம்ப வகுப்பு ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிழமையில் ஒரு பாடவேளையேனும் பழைய பத்திரிகைகளையும் முனைமழுங்கிய கத்தரிக்கோல்களையும் பிள்ளைகளின் கையிற் கொடுங்கள். எதை வெட்டவேண்டும் என்று சொல்லாதிருங்கள். முடிந்தபின் தாள்கள் குப்பையாகி நிலத்திற் கிடக்கும். பிள்ளைகளே கூட்டிப் பெருக்கட்டும். அவர்கள் வெட்டியதை வாங்கிப் பாருங்கள். பெயரென்ன, ஊரென்ன என்று விசாரியுங்கள். புள்ளி மட்டும் இடாதிருங்கள்.