எறிதல் விளையாட்டுகளில் தோள்பட்டை எலும்பின் நிலையும் தோள் காயங்களும்

தோள்பட்டை எலும்பு என்பது முதுகின் மேற்பகுதியில், விலா எலும்புகளின் மீது அமைந்துள்ள தட்டையான முக்கோண எலும்பு ஆகும். ஈட்டி எறிதல், கிரிக்கெட் பந்துவீச்சு, பேஸ்பால் போன்ற விளையாட்டுகளில் ஏற்படும் தோள் வலிக்கு இதன் நிலை மாறுவதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அமைப்பும் இயக்கமும்

இதன் வெளி ஓரத்திலுள்ள ஆழமற்ற சிறு குழியில் மேற்கை எலும்பின் பெரிய உருண்டைத் தலை பொருந்தியுள்ளது. கை உயரும்போது குழியும் உடன் திரும்பினால்தான் மூட்டு நிலையாக இருக்கும். கையை முழுவதும் உயர்த்துகையில் ஏறத்தாழ 120 பாகை தோள் மூட்டிலும், 60 பாகை தோள்பட்டை எலும்பிலும் நிகழ்கிறது. ட்ரப்பீசியஸ், செரேட்டஸ் ஆன்டீரியர் ஆகிய தசைகளே இவ்வெலும்பை முதுகோடு சேர்த்துப் பிடித்துத் திருப்புகின்றன.

எறியும் விசையின் பெரும்பகுதி கால்களிலும் இடுப்பிலும் பிறக்கிறது. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் வீச்சு வலை எறிபவரும் உடலைச் சுழற்றியே வலையை விரிக்கிறார். அவ்விசையைக் கைக்குக் கடத்துவது தோள்பட்டை எலும்பு. அது நிலைதவறினால் சுமை தோள் மூட்டின் மீது விழுகிறது.

நிலை மாற்றம்

தசைகள் சோர்வுற்றாலோ, மார்புத் தசை இறுகினாலோ இவ்வெலும்பு முன்னோக்கிச் சாயும். அதன் உள் ஓரம் முதுகில் புடைத்துத் தெரியும். 2003இல் பர்க்கார்ட், மார்கன், கிப்லர் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் இதைச் ‘சிக் ஸ்கேப்புலா’ எனப் பெயரிட்டு விவரித்தனர். இந்நிலையில் மூட்டைச் சூழ்ந்த தசைநார்கள் உராயலாம். குழியின் விளிம்பு வளையம் கிழியலாம்.

தோள் காயம் நீண்ட ஓய்வைக் கோரக்கூடியது. இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் 2004இல் வலது தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பல மாதங்கள் விளையாடாமல் இருந்தார். பின்னர் திரும்பி வந்து, 2010இல் 800 விக்கெட்டுகளுடன் டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

கண்டறிதல்

வீரரின் பின்னால் நின்று, அவர் கைகளை மெதுவாக உயர்த்தி இறக்குவதைப் பார்க்க வேண்டும். குறை பெரும்பாலும் கையை இறக்கும்போது வெளிப்படும். பரிசோதிப்பவர் எலும்பைத் தாங்கித் திருப்பிவிடும்போது வலி குறைந்தால், வலியில் அதற்குப் பங்குண்டு எனக் கொள்ளலாம். ஆனால் நலமாக உள்ள வீரர்களிடமும் எறியும் பக்கத் தோள் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு. எனவே தோற்றத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்யக் கூடாது.

பயிற்சி

சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுத்தல், மார்புத் தசையை நீட்டுதல், இடுப்பு, கால் வலுப் பயிற்சிகள் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. வலிநிவாரணியோ ஓய்வோ வலியைத் தணிக்கும். ஆனால் எலும்பின் இயக்கம் சீராகாமல் மீண்டும் எறியத் தொடங்கினால் வலி திரும்பக்கூடும். கை மரத்துப்போனாலோ, உயர்த்த முடியாமற்போனாலோ உடனே மருத்துவரை அணுக வேண்டும்.