வானத்தைவிட மங்கலான ஒளி

தொலைநோக்கி என்றவுடன், தூரத்திலுள்ள சிறிய பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் சாதனம் என்ற எண்ணமே நம்மில் பெரும்பாலோர் மனத்தில் எழுகிறது. சனிக் கிரகத்தின் வளையத்தையோ சந்திரனின் பள்ளங்களையோ பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்த எண்ணம் பொருத்தமானதே. ஆனால் நமது பால்வீதிக்கு அப்பால், லட்சக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவிலும் கோடிக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவிலும் கிடக்கும் நட்சத்திர மண்டலங்களைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, பெரிதாக்குவது முதற் கவலை அன்று. 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆண்ட்ரோமிடா மண்டலம் வானத்தில் முழு நிலவின் அகலத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. அவ்வளவு பெரிய பொருள் வெறும் கண்ணுக்கு மங்கிய ஒரு திட்டாக மட்டுமே தென்படுவதற்குக் காரணம் அதன் சிறுமை அன்று, அதன் ஒளியின் வறுமை. நம் கண்ணுக்கோ, வந்து விழும் ஒளியை ஒரு விநாடியின் சிறு பகுதிக்கு மேல் சேர்த்து வைத்துக்கொள்ளும் சக்தி இல்லை. இருட்டுக்குப் பழகிய பின்னர் எத்தனை நேரம் உற்று நோக்கினாலும், கண்டதற்கு மேல் காண்பது அரிது.

ஒளியை மணிக்கணக்கில் சேர்த்து வைக்கும் வழி புகைப்படத் தகட்டினால்தான் மனிதனுக்குக் கிட்டியது. ஈரம் உலருவதற்குள் படம் எடுத்து முடித்தாக வேண்டிய பழைய தகடுகளுக்குப் பதிலாக, 1871ஆம் ஆண்டில் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டுக்கு வழி கண்டார். அதனால் பயன் பெற்றவர்களில் ஒருவர், வேல்ஸில் பிறந்து லிவர்பூலில் கட்டிடத் தொழிலில் பொருளீட்டிய ஐசக் ராபர்ட்ஸ். வான சாஸ்திரத்தை ஜீவனோபாயமாகக் கொள்ளாமல் விருப்பத்தினால் மேற்கொண்ட அவர், 1888 டிசம்பர் 29ஆம் தேதி இரவு, மேகல் என்னும் ஊரில் நிறுவியிருந்த 20 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு ஆண்ட்ரோமிடாவைப் படம் பிடித்தார். அதுவரை எந்தக் கண்ணும் தெளிவாகக் கண்டிராத சுருள் வடிவம் அந்தத் தகட்டில் பதிந்திருந்தது. வாயு சுழன்று திரண்டு ஒரு புதிய சூரிய குடும்பம் உருவாவதையே தாம் கண்டதாக ராபர்ட்ஸ் கருதினார். 1923இல் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சனிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியின் மூலம் அதில் ஒளி மாறும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டு, அதைக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்ட பிறகுதான், அது பால்வீதிக்கு வெளியே உள்ள தனி நட்சத்திர மண்டலம் என்பது நிலைபெற்றது. தகட்டில் விழுந்த ஒளி மெய்யானது. அதற்குக் கண்ட அர்த்தமே பிழைபட்டது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இத்துறையை இன்றும் விட்டு நீங்கவில்லை.

ஒளியைச் சேர்ப்பதற்கு முதல் இடையூறு பூமியின் சுழற்சி. மணிக்கு 15 பாகை வீதம் வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால், தொலைநோக்கியும் அதே வேகத்தில் அதே திசையில் திரும்பினாலன்றி நட்சத்திரங்கள் புள்ளிகளாக விழாமல் கோடுகளாக இழுபட்டுப்போகும். ஆகவே தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, வான துருவத்தை நோக்கி நிறுத்தப்பட வேண்டும். சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்திலும், கன்னியாகுமரியில் 8 பாகை உயரத்திலும் மட்டுமே நிற்பதால், மரமோ மாடியோ அடிவானத்து மூட்டமோ அதை மறைத்துவிடுவது நம் பக்கத்து வான சாஸ்திர அன்பர்களுக்கு வழக்கமான தொல்லை. அச்சைச் செம்மையாக நிறுத்திய பின்னும் பற்சக்கரங்களின் குறைபாடு எஞ்சுகிறது. முன்னாளில் மனிதர் ஒருவர் குளிரில் இரவெல்லாம் ஒரு நட்சத்திரத்தின்மேல் கண் வைத்து, தொலைநோக்கியின் ஓட்டத்தைக் கையால் திருத்திக்கொண்டிருந்தார். இன்று ஒரு சிறிய துணைக் காமிரா சில விநாடிக்கு ஒருமுறை அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இரண்டாவது இடையூறு இதைவிட ஆழமானது. இந்தக் கலையின் உயிர்நிலையே அதில்தான் இருக்கிறது. இரவு வானம் கருமையானது என்று நாம் சொல்வது முழு உண்மை அன்று. விளக்கொளி எட்டாத மலைச்சிகரத்திலும் வாயுமண்டலத்தின் மேலடுக்குகள் பகலில் பெற்ற சூரிய சக்தியை மெல்லிய ஒளியாக வெளிவிடுகின்றன. கிரகங்களுக்கிடையே பரவிய தூசியும் சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. பெருநகரங்களில் இந்தப் பின்னணி ஒளி நாற்பது மடங்குக்கு மேலும் ஏறிவிடுகிறது. நட்சத்திர மண்டலங்களின் வெளிப்புறக் கரங்களோ மிக இருண்ட வானத்தைவிடவும் மங்கலானவை. எனவே காமிராவுக்குள் வருவதில் பெரும்பகுதி வானத்தின் ஒளியே. அது சீராக இருந்தால் கழித்துவிடலாம். ஒளியோ துகள்துகளாக, ஒழுங்கின்றி வந்து விழுவது. அந்த ஏற்ற இறக்கத்தில் தேடுகின்ற ஒளி முழுகிப்போகிறது.

இதற்குப் பரிகாரம், திரும்பத் திரும்ப எடுப்பது. சந்தை இரைச்சலில் ஒருவர் தாழ்ந்த குரலில் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தால், இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறுபட, சொல் மட்டும் மாறாதிருப்பதால் முடிவில் அது காதில் நிலைக்குமல்லவா? அவ்வாறே நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மண்டலத்தின் ஒளி எண்ணிக்கைக்கு ஏற்ப வளர்கிறது. இரைச்சலோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. தெளிவை இரட்டிப்பாக்க நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதும், வானொளி நாற்பது மடங்கான நகரத்தில் அதே தெளிவைப் பெற நாற்பது மடங்கு நேரம் வேண்டும் என்பதும் இதிலிருந்து பெறப்படும். அனுபவசாலிகள் விலையுயர்ந்த கண்ணாடிக்குச் செலவிடுவதற்கு முன் இருண்ட ஊருக்குப் பயணம் போவதன் ரகசியம் இதுவே.

பிலிம் காலத்தில் நூறு ஒளித்துகள்கள் விழுந்தால் ஒன்றிரண்டே பதிவாயின. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்து, 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசைத் தேடித்தந்த சி.சி.டி. என்னும் மின்னணுச் சென்சாரும், அதன்பின் வந்த சீமாஸ் சென்சாரும் நூற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகின்றன. இதனால்தான் இன்று ஆறு அங்குலக் கருவியை மொட்டைமாடியில் வைத்திருக்கும் ஒருவர், முன்னாளைய பெரிய வானாராய்ச்சி நிலையங்களுக்கு ஒப்பான படங்களை எடுக்க முடிகிறது.

ஆயினும் ஐந்து நிமிஷ எக்ஸ்போஷர் கொடுத்து எடுத்த ஒரு தனிப் படத்தைப் பார்க்கும் புதியவர் ஏமாந்துபோவார். சாம்பல் நிறப் பரப்பின் நடுவே மண்டலத்தின் மையம் ஒரு மங்கல் புள்ளி. குறுக்கே செயற்கைக்கோள் ஒன்று இழுத்த கோடு. கண்ணாடியில் ஒட்டிய தூசியின் நிழல் வட்டவட்டமாக. வெப்பத்தினால் தாமாகவே ஒளிரும் சிவப்பும் நீலமுமான பிக்சல்கள். தொலைநோக்கிக் குழாயின் மூடியை மூடி, அதே வெப்பநிலையில், அதே நேரத்துக்கு எடுத்த இருட்டுப் படங்களைக் கொண்டு அந்தப் பிக்சல்களைக் கழிக்கிறார்கள். குழாயின் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, அந்தி வானத்தை நோக்கி எடுத்த படங்களைக் கொண்டு தூசி நிழலை நீக்குகிறார்கள். செயற்கைக்கோளின் கோடு நூறு படங்களில் ஒன்றில் மட்டுமே இருப்பதால், அடுக்கும்போது கணினியே அதைத் தள்ளிவிடுகிறது. இவ்வளவும் முடிந்த பின், மங்கலான பகுதிகளைக் கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு உயர்த்துவது கடைசி வேலை. இல்லாததையும் இருப்பதுபோல் காட்டிவிடும் அபாயமும் அங்கேதான் இருக்கிறது.

டிராகோ நட்சத்திரக் கூட்டத்தில், ஏறக்குறைய 5 கோடி ஒளியாண்டுத் தொலைவில், விளிம்பை நமக்குக் காட்டி நிற்கும் என்.ஜி.சி. 5907 என்ற மண்டலத்தின் கதை இதற்குத் தக்க சான்று. பெரிய மண்டலத்தின் ஈர்ப்பினால் சிதைந்துபோன சிறு மண்டலம் ஒன்றின் நட்சத்திரங்கள் அதைச் சுற்றி ஒரு நீரோட்டம்போல் பரந்து கிடப்பதற்கான அறிகுறி 1998இலேயே தெரிந்திருந்தது. ஜே காபனி என்ற அமெரிக்க அன்பர், நியூ மெக்சிகோவிலிருந்த அரை மீட்டர் தொலைநோக்கியால் பல மணி நேரம் ஒளி சேர்த்து எடுத்த படத்தை, ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி டேவிட் மார்ட்டினெஸ்-டெல்காடோவும் கூட்டாளிகளும் 2008இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டபோது, அந்த ஓட்டம் இருமுறை வளைந்து பின்னிக் கிடந்த அழகு உலகத்தையே கவர்ந்தது. 2019இல், 400 மில்லிமீட்டர் காமிரா லென்சுகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி அமைத்த டிராகன்ஃபிளை என்னும் கருவி அதே இடத்தைப் பார்த்தது. வளைந்து நீளும் ஒரே ஓட்டம் தெளிவாகக் கிடைத்தது, இரண்டாவது வளையம் கிடைக்கவில்லை. செர்பியாவிலுள்ள 1.4 மீட்டர் தொலைநோக்கியின் படத்திலும் அது இல்லை.

இதைக் கண்டு, அன்பர்களின் உழைப்பை அற்பமென்று நினைப்பது தவறு. பெரிய நிலையங்களில் ஒரு விஞ்ஞானிக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். ஒரே பொருளின்மேல் இரவு இரவாகக் காத்திருக்கும் சுதந்திரம் அன்பருக்கே உண்டு. சிறு கருவிகளின் அகன்ற பார்வையும் இவ்வகை ஓட்டங்களைத் தேடுவதற்கு ஏற்றது. ஆனால் இருண்ட வானத்தைவிட நூறு மடங்குக்கு மேலும் மங்கலான ஒன்றைத் தேடும் எல்லையில், எடுத்தவர் காட்டும் பொறுமை மட்டும் போதாது. பார்க்கிறவருக்கும் அதே பொறுமை வேண்டும். ஆகையால் அழகான ஒரு மண்டலப் படத்தைக் காணும்போது, எத்தனை மணி நேரத்து ஒளி, எந்த வானத்தின் கீழ் எடுத்தது, வேறொருவர் வேறொரு கருவியால் எடுத்த படத்திலும் அந்த மெல்லிய இழை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதலிரண்டு கேள்விகளுக்கும் படத்தின் அடியிலேயே விடை எழுதிவைப்பது நல்ல அன்பர்களின் வழக்கம். மூன்றாவது கேள்விக்கு விடை தர, இன்னொருவர் தமது மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி அதே இடத்தைப் படம் பிடித்தாக வேண்டும்.