மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் உறுதியான கணை தெரிந்தெடுத்தல்

விவசாயக் கருவிகள் வாங்குங்கால் இரும்புப் பாகத்தின் தரத்தை விசாரிப்போர் அநேகர். கணையின் தரத்தை விசாரிப்போர் மிகச் சிலரே. இலை நன்றாயிருந்தும் கணை தகுதியற்றதாயின் அக்கருவியால் பயனில்லை. வரப்பு வெட்டும் நாளில் மண்வெட்டிக் கணை முறிந்தால் ஓர் ஆளின் கூலி வீணாகிறது. ஓங்கிய கோடாலியின் கணை முறிந்து தலை பறக்குமாயின் அருகில் நிற்பவரின் உயிருக்கே அபாயம். உழவு பெரும்பாலும் டிராக்டருக்குப் போய்விட்ட போதிலும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளின் தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் கரும்புக் கொல்லைகளிலும் பாத்தி கட்டவும் மடை திருப்பவும் மண்வெட்டியையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆகையால் கணைக்குரிய மரத்தைத் தெரிந்தெடுக்கும் முறையைக் குடியானவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

ஏற்ற மரங்கள்

கணைக்கு வேண்டிய குணங்கள் மூன்று: திடீரென்று விழும் அடியைத் தாங்குதல், சிறிது வளைந்து நிமிர்தல், கையை உறுத்தாமல் வழவழப்பாதல். வெறும் கடினம் மட்டும் போதாது. தேரின் சக்கரத்தடியில் இடும் முட்டுக்கட்டை நசுக்கத்தைத் தாங்கினால் போதும். கணையோ ஒவ்வோர் அடியிலும் வளைகிறது. ஆகவே ஒரு வேலைக்குச் சிறந்த மரம் மற்றொன்றுக்கும் சிறந்ததாயிருக்க வேண்டுமென்பதில்லை.

நம் பக்கத்தில் எளிதிற் கிடைப்பவற்றுள் கருவேலமே முதன்மையானது. வைரம் பாய்ந்த கருவேலம் தேக்கைக் காட்டிலும் மிகக் கடினமானது. வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் தொன்றுதொட்டு உபயோகமாகி வருவது. பூவரசு நெருங்கிய நாருடையது, எளிதில் பிளவாதது; மண்வெட்டிக்கு நன்கு ஏற்றது. வாகை உறுதியானதே, ஆயினும் அதன் நார் பலவிடங்களில் பின்னிக் கிடப்பதால் நேரான துண்டைத் தேடி எடுக்க வேண்டும். புளியின் வைரம் மிகக் கடினமாயினும் கனம் அதிகம். கொட்டாப்புளிக்கும் உலக்கைக்கும் அது பொருந்தும். சீமைக் கருவேலமும் கடினமானதே. ஆனால் கோணலின்றி ஒரு கணை நீளம் கிடைப்பது அரிது. மலையடிவாரக் காடுகளில் வளரும் வெக்காலி கோடாலிக் கணைக்கும் வண்டி அச்சுக்கும் பேர் போனது. அதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

ரேகையே பிரதானம்

எந்த மரம் என்பதைக் காட்டிலும் மரத்தின் நார் எத்திசையில் ஓடுகிறது என்பதே முக்கியம். கணையின் நீளத்துக்கு இணையாக நார் ஓடினால் அது முழுப் பலத்துடன் இருக்கும். நார் சாய்ந்து ஓடினால் ஒரு பக்கத்தில் தொடங்கிய நார் மறுபக்கத்தில் வெளியேறிவிடும். அவ்விடத்தில் கணை சாய்வாகப் பிளந்து முறியும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாடிசன் நகரிலுள்ள அரசாங்க வனப்பொருள் ஆராய்ச்சிச் சாலை இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. நேரான நாருடைய மரம் திடீர் அடியைத் தாங்கும் பலம் 100 எனக் கொண்டால், 10 அங்குலத்துக்கு 1 அங்குலம் நார் சாய்ந்த மரத்தின் பலம் 62 ஆகவும், 5 அங்குலத்துக்கு 1 அங்குலம் சாய்ந்த மரத்தின் பலம் 36 ஆகவும் குறைகிறது. ஆனால் அதே மரத்தை நீளவாட்டில் நசுக்கும்போது, 5க்கு 1 சாய்விலும் பலம் 93 வரை நிற்கிறது. தூணுக்கு உதவும் மரம் கணைக்கு உதவாமற் போவதன் காரணம் இதுவே.

இவ்வுண்மையை விளையாட்டு மைதானத்திலும் அந்நாட்டார் கண்டனர். அங்கே பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் மர மட்டைகள் வழங்குகின்றன. முன்னர் ஆஷ் மரமே பெரும்பான்மை. பிறகு மேப்பிள் மட்டைகள் பெருகின. 2008-ம் வருஷத்தில் மேப்பிள் மட்டைகள் பல துண்டுகளாகச் சிதறி ஆட்டக்காரர்மீதும் பார்வையாளர்மீதும் பாயும் அபாயம் பெரிதாயிற்று. மேற்சொன்ன ஆராய்ச்சிச் சாலையார் முறிந்த மட்டைகளைத் திரட்டிப் பரிசோதித்ததில் பிரதான காரணம் நாரின் சாய்வே எனத் தெரிந்தது. அதன்மேல், பிடியில் ஒரு துளி மை இட்டு, மை ஓடும் திசை மட்டையின் நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்குமேல் விலகலாகாது என்ற விதி ஏற்பட்டது. பின்வந்த சில வருஷங்களில் அவ்வாறு சிதறுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 3 டிகிரி என்பது 20 அங்குலத்துக்கு 1 அங்குலம் சாய்வுக்குச் சமானம்.

நாமே செய்யத்தக்க பரீக்ஷைகள்

1. இழைத்த கணையின் பக்கத்தில் எழுதும் மையில் ஒரு துளி இடுக. மை நாரோடு கசிந்து சிறு கோடாகும். அக்கோட்டை நீட்டிப் பார்க்கையில், 30 அங்குலக் கணையில் ஒன்றரை அங்குலத்துக்குமேல் விலகினால் அதைத் தள்ளிவிடுக.

2. மை தெளிவாக ஓடாத மரத்தில் மயிரிழை போன்ற உலர்வெடிப்புகளைக் கவனிக்க. அவை நாரின் வழியே செல்லும். வெடிப்பு கணையைச் சுற்றிச் சென்றால் மரம் முறுக்குள்ளது.

3. கணுவுள்ள துண்டு வேண்டாம். அதிலும் தலைக்கு அருகிலுள்ள கணு மிகவும் கெடுதல்.

4. வெட்டுமுனையில் மரத்தின் நடு நெஞ்சு தெரிந்தால் ஒதுக்குக. கிளையை அப்படியே சீவிய கணை உலரும்போது பிளப்பதற்கு இதுவே காரணம்.

5. இரு செங்கல்மேல் கணையை வைத்து நடுவில் காலால் அமிழ்த்துக. சிறிது வளைந்து சத்தமின்றி நிமிர்வது நல்லது.

வெட்டுதலும் உலர்த்துதலும்

கணைக்கு மரத்தை ரம்பத்தால் அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பது மேல். ரம்பம் நாரைப் பொருட்படுத்தாமல் நேராக அறுக்கும். ஆப்போ நார் சென்ற வழியே பிளக்கும். பிளந்த துண்டு கோணலாயின் அம்மரம் கணைக்கு ஆகாதென்பது அப்பொழுதே வெளிப்படும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி, தை மாதங்களில் வெட்டுவது உசிதம். வெயில் கடுமையற்ற அக்காலத்தில் மரம் மெதுவாக உலர்வதால் வெடிப்பு குறையும். வெளிறில் உள்ள மாவுச்சத்தை நாடியே உளுப்பூச்சி வருகிறது. ஆகையால் வெளிறை நீக்கிவிட வேண்டும். இயலாதாயின் துண்டுகளைச் சில வாரம் நீரில் ஊறப் போட்டெடுப்பது பழைய நல்வழக்கம். பின்னர் இரு முனைகளிலும் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் இடைவெளி விட்டு அடுக்குக. வாரம் ஒருமுறை ஒரு துண்டை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபின்னரே சீவ வேண்டும்.

பொருத்துதல்

பச்சைக் கணையை மாட்டினால் பின்னர்ச் சுருங்கித் தலை ஆடும். ஆடும் தலையை இறுக்குவதற்காக நீரில் ஊறவைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஊறிய நார் இரும்புத் துளைக்குள் நசுங்கி, உலர்ந்தபின் முன்னைக் காட்டிலும் அதிகமாகத் தளரும். உலர்ந்த மர ஆப்பு அடித்து இறுக்குவதே முறை. கணைக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசிவருவது ஈரத்தைத் தடுக்கும். இரும்புக் குழாய்க் கணை முறியாது என்பர். மெய்தான், ஆயினும் அடியின் அதிர்ச்சி முழுவதும் கைக்கு ஏறும்.

மரம் எங்கே பெறுவது?

வெக்காலிக்காக மேற்குமலைக் காட்டில் நுழைவது சட்ட விரோதம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகவும், 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அம்மலையில் காடு நின்றால்தான் கண்மாய்களுக்குத் தண்ணீர் வரும் என்பதையும் மறக்கலாகாது. கண்மாய்ப் புறம்போக்கிலுள்ள கருவேல மரமும் எவருக்கும் சொந்தமன்று. அனுமதியின்றி வெட்டலாகாது என்பதைக் கிராம அதிகாரிகள் ஜனங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஆகவே, பட்டா நிலத்து வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் பூவரசு, வாகை, கருவேலம் சில நட்டு, இளமையிலேயே பக்கக் கிளைகளைக் கழித்து நேராக வளர்ப்பது நலம். கணுவற்ற அடிமரம் அவ்வாறுதான் கிடைக்கும். பூவரசைப் போத்து நட்டே உண்டாக்கலாம். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கணைகளை இரண்டு மூன்று மரங்களே காலகாலத்துக்கும் கொடுத்துவரும். வருகிற மழைக்காலத்திலேயே இதற்கான இடத்தைக் குறித்துக் குழி எடுத்து வைப்பார்களாக.